அதாவது நீங்க

அலுவலக மின்னஞ்சலை, கணினிக்கு இறக்கிக்கொள்ளும் 'பாப்' முறையிலிருந்து சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் 'ஐமேப்' முறைக்கு மாற்றுவது கை பழகிப்போன வேலை. தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளில் புதுக் கணக்கு, போர்ட் 993, எஸ்எஸ்எல், கடவுச்சொல், சரி, அடுத்த மேசை. 'சென்ட்' என்றும் 'சென்ட் ஐட்டம்ஸ்' என்றும் இரண்டு ஃபோல்டர் முளைத்து நிற்கும், அதையும் ஒன்றாக்கிவிட்டால் முடிந்தது. அப்படிப் போன ஒரு மேசையில் நடந்த பேச்சுதான் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

கணக்குப் பிரிவு மேடம். பல வருடம் பாப்பில் இறக்கிய அஞ்சல்கள் எல்லாம் அவருடைய கணினியிலேயே, லோக்கல் ஃபோல்டர்ஸில்தான் இருந்தன. அதனால்தான் அவை கைப்பேசியில் தெரியவில்லை. அவற்றை சர்வருக்கு ஏற்ற வேண்டும். ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் நடுவில் இணைப்பு அறுந்து எது போனது, எது நின்றது என்று தெரியாமல் போகும். ஆகவே முதலில் நகல் எடுப்பேன், இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிடுவேன், அப்புறம்தான் பழையதை நீக்குவேன். அப்படி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வரும்போது 'பிற' என்ற ஃபோல்டரில் அவர் விரல் வைத்தார்.

"இதை மட்டும் ஏத்தாம விட முடியுமா? இல்லைன்னா ஏத்திட்டு டிக்கை எடுத்துட்டாப் போதுமா?"

எந்தெந்த ஃபோல்டர் தெரிய வேண்டும் என்று டிக் போடும் 'சப்ஸ்கிரைப்' பெட்டியைப் பற்றிப் பக்கத்து மேசைக்காரர் ஏதோ சொல்லியிருக்கிறார். டிக்கை எடுத்தால் ஃபோல்டர் நம் கண்ணுக்குத்தான் மறையும், சர்வரில் அப்படியே இருக்கும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 993இல் எஸ்எஸ்எல் போட்டுப் பூட்டி அனுப்புவது வழியில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான், போய்ச் சேர்ந்த இடத்தில் அந்தப் பூட்டு கிடையாது என்றும் சொன்னேன்.

"அப்ப யார் வேணும்னாலும் படிக்கலாமா?"

"யார் வேணும்னாலும் இல்ல மேடம். சர்வரைப் பாத்துக்கிறவங்க நினைச்சாப் படிக்கலாம்."

"அதாவது நீங்க."

கோபமில்லை, குத்தலும் இல்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்வது போலச் சொன்னார். "நான் படிக்க மாட்டேன் மேடம்" என்றேன். அவர் கேட்டது அது இல்லை. 'முடியுமா' என்று கேட்டவருக்கு 'மாட்டேன்' என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

உண்மையைத்தானே சொன்னேன் என்று பிறகு பலமுறை சமாதானம் சொல்லிக்கொண்டேன். 1986இல் மார்க் கிறிஸ்பின் ஐமேப்பை உருவாக்கியதே அஞ்சல் சர்வரில் இருக்கட்டும், எந்தக் கணினியிலிருந்தும் அதைப் போய்ப் பார்க்கலாம் என்பதற்காகத்தான். அசல் அங்கே, நம்மிடம் இருப்பது நகல். அசலை வைத்திருப்பவன் கை அதில் படும், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் மற்ற மேசைகளில் யாருக்கும் இதைச் சொல்லவில்லையே. அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருவரிடம் மட்டும் முழு உண்மையைச் சொன்னதை நேர்மை என்பதா, அவர் வாயைக் கிளறினார் என்பதா, தெரியவில்லை.

எல்லா ஃபோல்டரும் சர்வருக்குப் போக வேண்டும் என்பதுதான் எங்களுக்கு வந்த உத்தரவு. 'பிற' அலுவலக அஞ்சல் இல்லை என்று அவர் சொன்னதை ஏற்று அதை லோக்கலிலேயே விட்டேன். திறந்து பார்க்காமல் எப்படி முடிவு செய்தாய் என்று யாராவது கேட்டால்? திறந்து பார்த்திருந்தால் 'அதாவது நீங்க' என்று அவர் சொன்னது சரி என்று ஆகியிருக்கும்.

லோக்கலில் இருப்பதற்கு சர்வர் பேக்கப் கிடையாது, வட்டு போனால் போனதுதான் என்று எச்சரித்தேன். உடனே ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார். நம்பிக்கையா, வேறு வழியில்லாததாலா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்டர்பேர்ட் தன் கோப்புகளை வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டருக்குள் போய் அந்தக் கோப்பை நகலெடுத்தேன். தண்டர்பேர்ட் அதை எம்பாக்ஸ் வடிவில் வைத்திருந்தது, அதாவது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் போட்டாலே வரி வரியாகப் படிக்கலாம், கடவுச்சொல்கூட வேண்டாம். அந்தக் கணினிக்கு நிர்வாகி அனுமதி இருப்பவர்களில் நானும் ஒருவன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே சொன்னதே அதிகம் என்று அப்போது பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது.