ஒரு லிட்டர் பேட்டரி அமிலமும் ஒரு வாளி நுரையும்

ஓரமாகக் கிடந்த இன்வெர்ட்டர் பேட்டரியின் அடியில் ஈரம். அதன் உள்ளே அமிலம் நிற்கும் ஆறு அறைகளில் ஒன்றின் சுவரில் மயிரிழை விரிசல். ஆறையும் காலிசெய்து, வெறும் கூட்டை மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை. கசியாத அறைகளைத் திறப்பது, இல்லாத வம்பை விலைக்கு வாங்குவது. பேட்டரி அமிலத்தோடேயே போகலாம். போக வேண்டியதும் அப்படித்தான்.

விரிசல் விட்ட அறையிலிருந்து மட்டும், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் ரப்பர்க் குமிழால் உறிஞ்சி எடுத்தேன். ஒரு லிட்டர் தேறியது. தண்ணீர் 1 என்றால் இதன் அடர்த்தி 1.15 என்று காட்டியது. முழுச் சார்ஜில் 1.28 இருந்திருக்கும், குறைந்துபோன அமிலம் ஈயத் தகடுகளில் சல்பேட்டாகப் படிந்திருக்கிறது. கணக்குப் போட்டேன்: லிட்டரில் சுமார் 240 கிராம் கந்தக அமிலம், அதை முறிக்க 410 கிராம் சமையல் சோடா. வெளிவரும் கரியமில வாயு நூறு லிட்டருக்கும் மேல். ஆகவே வேலை திறந்த வெளியில்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் வாளி. உலோகப் பாத்திரம் கூடாது. அமிலம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். வாளியில் முதலில் மூன்று லிட்டர் தண்ணீர், பிறகு அதில் அமிலம். இந்த வரிசை மாறக் கூடாது. அதன்பின் சோடா, கரண்டி கரண்டியாக. மூன்றாவது கரண்டியில் அவசரப்பட்டேன். நுரை சீறிக்கொண்டு விளிம்புவரை ஏறியது. கையை எடுத்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பிஎச் தாள் 7, அதாவது நடுநிலை, காட்டியது.

தெளிந்த நீரைப் பார்த்ததும் சாக்கடையில் ஊற்றக் கை பரபரத்தது. ஆனால் சோடா அமிலத்தைத்தான் முறிக்கும், ஈயத்தை அல்ல. அடியில் பழுப்பாகப் படிந்த வண்டலில் ஈயச் சேர்மங்கள் இருக்கின்றன. நீரிலும் கொஞ்சம் கரைந்திருக்கும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, மூடியை இறுக்கினேன். இறுக்கியது தப்பு. காலையில் கேன் பலாப்பழம்போல் உப்பியிருந்தது. வாயு முழுவதும் வெளியேறியிருக்கவில்லை. மெல்லத் திருகித் திறந்து, ஒருநாள் தளர்வாக வைத்தபின்தான் மூடினேன்.

அன்று உடுத்திய பருத்திக் கால்சட்டையில் கறைகூடத் தெரியவில்லை. துவைத்து உலர்த்தியபோது முழங்காலுக்கு மேல் ஏழு ஓட்டைகள். கேனும், பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வைத்த பேட்டரியும் ஆபத்தான கழிவு வாங்கும் மையத்துக்குச் சேர்ந்தே போயின.