டெட் ஹார்ஸ் பாயின்ட்டில் இரண்டு நாள்

அக்டோபர் 11, மோவாப், யூட்டா, அமெரிக்கா

நாளைக்கு டெட் ஹார்ஸ் பாயின்ட். 'செத்த குதிரை முனை'யா, வேறு பெயரே கிடைக்கவில்லையா என்கிறாள் மனைவி. தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் கையில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் மிச்சம் என்ற நிம்மதியில் தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 12

பாஸ் செல்லாதாம். இது மாநிலப் பூங்கா, கணக்கே வேறு. சரி, கட்டினோம்.

முனைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நிலம் சுமார் 30 கஜ அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. அந்தக் காலத்தில் மாடு மேய்த்தவர்கள் காட்டுக் குதிரைகளை இதற்குள் விரட்டி, அந்தக் குறுகலான இடத்தை மட்டும் கிளைகளால் அடைத்துவிட்டு, வேண்டியதைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். ஒருமுறை மிச்சக் குதிரைகள் உள்ளேயே மாட்டிக்கொண்டு தாகத்தில் செத்தன என்பது செவிவழிக் கதை.

கதையாகத்தான் கேட்டேன், முனையில் நின்று எட்டிப் பார்க்கும் வரை. 2000 அடி கீழே கொலராடோ ஆறு, வந்த திசைக்கே திரும்பிப் போகிற மாதிரி வளைந்து கிடக்கிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், இறங்க வழி கிடையாது. நடுவில் செங்குத்தாக நிற்கும் சிவப்புச் சுவர் விங்கேட் மணற்கல், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானது.

கிழக்கே பளீரென்ற நீலத்தில் குளங்கள். நீச்சல் குளமா என்றான் பையன். பொட்டாஷ் பாத்திகள். ஆற்றுத் தண்ணீரைப் பூமிக்கடியில் செலுத்தி, பழைய கடல் விட்டுப்போன உப்பைக் கரைத்து மேலே எடுத்துக் காயவைக்கிறார்கள், வெயிலை நன்றாக உறிஞ்சி சீக்கிரம் வற்றத்தான் அந்த நீலச் சாயம். ஊரில் அப்பா வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போட்ட பொட்டாஷ் இந்த மாதிரி உப்புதான் என்றதும் பையனுக்கு ஒரே சிரிப்பு.

அக்டோபர் 13

இரவு கயென்ட்டா முகாமில் தங்கினோம். குளிர். ஆனால் பால்வீதி அவ்வளவு தெளிவு, 2016இலேயே இருண்ட வானப் பூங்கா என்று சர்வதேச அங்கீகாரம் வாங்கிய இடமாச்சே. காலையில் தண்ணீர் தீர்ந்துபோனது, தப்பு என்னுடையதுதான், இரண்டு கேன் போதும் என்று சொன்னவன் நான். இங்கே வரும் தண்ணீரே மோவாபிலிருந்து லாரியில்தான் வருகிறதாம், கீழே அத்தனை பெரிய ஆற்றை வைத்துக்கொண்டு! பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒரு கேன் தந்தார். காபி போட்டோம்.

மதியம் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. அங்கே பாஸ் செல்லும்.