குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால்

15 ஜூன் 2025, ஞாயிறு

நேற்று இரவு ஒன்பது மணிக்கு என்னைக் கைது செய்தார்கள், பதினொன்றரைக்கு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். மாமாவும் பக்கத்து வீட்டு வாத்தியாரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

மேட்டூர் திறந்து மூன்று நாள்தான் ஆகிறது, தண்ணீர் இன்னும் எங்கள் வாய்க்காலுக்கு வந்துகூடச் சேரவில்லை, அதற்குள் வாய்க்கால் ஓரத்து வரப்பு யாருக்குச் சொந்தம் என்று பெரியப்பா வீட்டோடு தகராறு. அங்கே என்ன நடந்தது, யார் கை முதலில் நீண்டது என்பதை இங்கே எழுதப் போவதில்லை, வழக்கில் இருக்கிற விஷயம். பெரியப்பா மகன் கையில் கட்டுப் போட்டிருக்கிறார். அவரை அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நான். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

எஃப்.ஐ.ஆரில் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2) என்று போட்டிருக்கிறார்கள். ஆபாசமாகத் திட்டியது, காயம் ஏற்படுத்தியது. இரண்டும் ஜாமீனில் விட வேண்டிய பிரிவுகள், அதனால்தான் ராத்திரியே வீடு திரும்ப முடிந்தது.

நாளை திங்கள், ஆபீஸ் போக வேண்டும். நான் மத்திய அரசு ஊழியன். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "மாப்ள, ஆபீஸ்ல வாயே திறக்காத. சார்ஜ் ஷீட்டா போட்டுட்டாங்க? போட்டா அப்பப் பாத்துக்கலாம்." எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. மனைவி மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் சட்டையை அலசிக் கொண்டிருந்தாள்.

16 ஜூன், திங்கள்

சொல்லவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை யாராவது போனை எடுத்தால்கூட ஸ்டேஷனிலிருந்துதானோ என்று காது அங்கேயே போனது. மூன்று பில்லில் கூட்டல் தப்பு.

சாயங்காலம் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். வழக்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டது, "ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?" இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மத்திய உள்துறை அமைச்சகம் 1955 பிப்ரவரி 25 அன்றே இதைப் பற்றி எழுதிய கடிதம் இன்றும் நடைமுறையில் இருக்கிறதாம். அரசு ஊழியர் எந்தக் காரணத்துக்காகக் கைதானாலும், பிறகு ஜாமீனில் வந்துவிட்டாலும்கூட, கைதானதையும் அதன் சூழ்நிலையையும் உடனே மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் உண்மையை மறைத்த குற்றம், அந்த ஒன்றுக்காகவே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அதாவது வழக்கிலிருந்து நான் விடுதலை ஆனாலும், மறைத்ததற்குத் தனியாகத் தண்டனை வரலாம். மாமா சொன்னதைக் கேட்டிருந்தால் எங்கே போய் நின்றிருப்பேன்.

குற்றப்பத்திரிகையே வரவில்லையே சார் என்றேன். அவர் திருப்பிக் கேட்டார், வேலைக்குச் சேரும்போது அட்டெஸ்டேஷன் படிவம் பூர்த்தி செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று. இருக்கிறது. எப்போதாவது கைதானதுண்டா என்று ஒரு கேள்வி, வழக்குத் தொடரப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி, தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று 2013இல் என் கையால் எழுதினேன். மூன்றும் வேறு வேறு என்பது அந்தத் தாளிலேயே இருந்திருக்கிறது, நான்தான் யோசித்துப் பார்த்ததில்லை. அந்தப் படிவத்தில் மறைத்தவர்களை என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது என்றார்.

எனக்கிருந்த பெரிய பயம் சஸ்பென்ஷன். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், உத்தரவில் என்ன தேதி போட்டாலும் காவலில் வைத்த நாளிலிருந்தே தற்காலிகப் பணிநீக்கம் என்று மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின் பத்தாவது விதி சொல்கிறது. நான் உள்ளே இருந்தது இரண்டரை மணி நேரம், அதனால் அது தானாக வராது. ஆனால் குற்ற வழக்கு விசாரணையில் இருந்தாலே சஸ்பெண்ட் செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. செய்யலாம், செய்தே ஆக வேண்டும் என்றில்லை. செய்தால் 90 நாளுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதுவரை சம்பளத்தில் ஏறக்குறைய பாதி, பிழைப்பூதியம் என்று வரும். வீட்டுக்கடன் தவணையை நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

17 ஜூன், செவ்வாய்

கொடுத்துவிட்டேன்.

முதலில் நான் எழுதியது இரண்டு பக்கம். வரப்பின் வரலாறு, தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை, எல்லாம். வக்கீல் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு அத்தனையையும் அடித்தார். நீ எழுதுகிற ஒவ்வொரு வரியும் நாளைக்குக் கோர்ட்டில் உன் முன்னால் வந்து நிற்கும் என்றார். மிஞ்சியது இவ்வளவுதான்: 14.06.2025 இரவு 9 மணிக்கு, நிலத்தகராறு தொடர்பான புகாரில், இந்த நிலையத்தில், இந்தக் குற்ற எண்ணில், இந்தப் பிரிவுகளில் கைது செய்யப்பட்டேன், அன்றிரவே ஜாமீனில் விடுவிக்கப்பட்டேன், குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன், விசாரணை நிலுவையில் உள்ளது, வழக்கில் மாற்றம் ஏதும் இருந்தால் உடனே தெரிவிப்பேன். காவல்துறை இணையதளத்திலிருந்து இறக்கிய எஃப்.ஐ.ஆர். நகலை இணைத்தேன்.

பதினோரு மணிக்கு என் மேலதிகாரி மேடம் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே நீட்டினேன். படித்துவிட்டு, "ஏன் நேத்தே கொடுக்கல?" என்றார். பயந்துட்டேன் மேடம் என்றேன். வேறு என்ன சொல்வது, அதுதான் உண்மை. கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவுக்கு ஒண்ணும் அடி இல்லையே?" என்று கேட்டார். அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்துவிட்டது.

வெளியே வந்து தபால் பிரிவில் இன்னொரு நகலைக் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். இதை விட்டுவிடாதீர்கள் என்று யாருக்கும் சொல்வேன். வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி கிடையாது.

20 ஜூன், வெள்ளி

ஓசூரில் தனியார் கம்பெனியில் இருக்கும் மச்சினன் போன் செய்தான். "எனக்கு இப்படி ஆனா நானும் சொல்லணுமா அத்தான்?" என்று கேட்டான். உன் நியமனக் கடிதத்தையும் நிலையாணைகளையும் (கம்பெனியின் வேலை விதிகள்) எடுத்துப் படி என்றேன். அரசு ஊழியருக்கு இருக்கிற அந்த 1955 கடிதம் அவனைக் கட்டாது, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரே விதி என்று கிடையாது, ஆனால் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அது கட்டும். இரண்டு நாள் ரிமாண்டில் இருந்துவிட்டுக் காய்ச்சல் என்று லீவு சொன்னால், அந்தப் பொய்யே வேலையைச் சாப்பிட்டுவிடும்.

இன்னொன்றும் இப்போதுதான் தெரிந்தது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்ததும் கைது செய்யக் கூடாது, கைது தேவைதானா என்று யோசித்துக் காரணத்தை எழுத வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிட வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனக்கு நோட்டீஸ் ஏதும் வரவில்லை, ஜீப்தான் வந்தது. கோபம் வருகிறது. அதை வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன், ஆபீஸ் கடிதத்தில் கலக்கவில்லை.

7 ஜூலை, திங்கள்

சஸ்பென்ஷன் இல்லை. கடிதம் பெறப்பட்டது, வழக்கின் நிலையை அவ்வப்போது தெரிவிக்கவும் என்று மெமோ. பணம் கையாளும் இருக்கையிலிருந்து பதிவறைக்கு மாற்றியிருக்கிறார்கள். வலித்தது, மறுக்கவில்லை. பதிவறைக்குப் போனதும் முதுகுக்குப் பின்னால் பேச்சு கேட்டது. இரண்டு பேர் நேராக வந்து என்னப்பா ஆச்சு என்று கேட்டார்கள். அந்த இரண்டு பேரை மறக்க மாட்டேன்.

12 செப்டம்பர், வெள்ளி

மூன்று மாதம் ஆகப் போகிறது, குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. இந்தப் பிரிவுகளுக்குக் கோர்ட் வழக்கை ஏற்க ஒரு வருஷக் கெடு உண்டு, அதனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார் வக்கீல். நிலை மாறவில்லை என்று இன்று இரண்டாவது கடிதம் கொடுத்தேன், நாலே வரி. இந்த முறை கை நடுங்கவில்லை. தபால் பிரிவுத் தம்பி முத்திரை குத்திவிட்டு, "அண்ணே, டீ சாப்பிடப் போலாமா?" என்றான். போனோம்.