தோட்டுக்குச் சுவர் கட்டும் முன்னால் பொழியைப் போய்ப் பாருங்கள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற தோட்டின், அதாவது ஓடையின், இரண்டு கரையிலும் வெள்ளம் வராமல் இருக்கச் சுவரை ஒரு மீட்டர் உயர்த்தப் போகிறார்களாம். போன வாரம் வார்டுக் கூட்டத்தில் வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் நெஞ்சு படபடவென்றது. அங்கே நான் பாதிதான் பேச முடிந்தது, மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் இருப்பது திருவனந்தபுரத்தில், கண்ணம்மூல பக்கம். சொந்த ஊர் நாகர்கோவிலுக்குத் தெற்கே. நாங்கள் ஊரில் ஓடை என்பதை இங்கே தோடு என்கிறார்கள், பதினாறு வருடமாக எனக்கும் அதுவே வாயில் வருகிறது. எங்கள் வீட்டுப் பின்னால் போவது ஒரு சின்னக் கிளைத்தோடு. அது ஆமையிழஞ்சான் தோட்டில் விழுகிறது. ஆமையிழஞ்சான் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் நுழைந்து, ஊரைச் சுற்றி, இந்தப் பக்கம் வந்து ஆக்குளம் காயலில் சேர்கிறது. பட்டம், உள்ளூர் என்ற இடங்களின் தோடுகளும்கூட அதே காயலுக்குத்தான். காயலிலிருந்து வேளி வழியாகக் கடலுக்கு. நடுவில் ஒரு மணல் திட்டு, அதுதான் பொழி.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை ராத்திரி பெய்த மழையை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடியும்போது கௌரீசபட்டம், கண்ணம்மூல எல்லாம் தண்ணீர், அந்தப் பக்கம் தெற்றியார் தோடு நிறைந்து டெக்னோபார்க் வாசலிலும் தண்ணீர். எங்கள் வீட்டுக்கு மூன்று மணிக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள், இந்தப் பதிவே அதற்காகத்தான். சுவரைத் தாண்டி வரவில்லை. சுவருக்கு மேல் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது, டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் வந்தது தெருச் சாக்கடை வழியாக. மழைநீர் தோட்டுக்குள் போவதற்காகச் சுவரில் ஒரு குழாய் விட்டிருக்கிறார்கள் அல்லவா, தோட்டில் மட்டம் ஏறியதும் அதே குழாய் வழியாகத் தோடு தெருவுக்குள் திரும்பி வந்தது. முதலில் குளியலறை ஓட்டையில் குமிழி விட்டது, பத்து நிமிடத்தில் கட்டில் கால் நனைந்தது. அம்மாவைத் தூக்கி மாடிப்படியில் உட்கார வைத்தோம்.

அந்தக் குழாய்களின் வாயில் ஒரு மூடி, தோட்டுப் பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி ஒரு கதவு போட்டால் தண்ணீர் திரும்பாது. வரைபடத்தில் அப்படி ஒன்றைத் தேடினேன், இல்லை. ஆக ஒரு மீட்டர் சுவர் எழும்பிய பிறகும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் அதே வழியில் வரும், இன்னும் அதிக அழுத்தத்தோடு வரும். கதவு போட்டாலும் அது மூடியிருக்கிற நேரத்தில் தெருவில் பெய்கிற மழை எங்கே போகும் என்பதற்கும் ஒரு வழி வேண்டும், தாழ்வான மூலையில் ஒரு தொட்டியும் மோட்டாரும். இதையெல்லாம் சேர்த்து யோசிப்பதுதான் திட்டம்.

கூட்டம் முடிந்த மறுநாள் நானும் பக்கத்து வீட்டுச் சேச்சியும் டேப் எடுத்துக்கொண்டு தோட்டோரமாக நடந்தோம். எங்கள் வீட்டுப் பின்னால் அகலம் 4.2 மீட்டர். முன்னூறு மீட்டர் கீழே, ரோட்டுக்கு அடியில் போகிற கலுங்கில், அதாவது சிறுபாலத்தில், 2.6 மீட்டர். அதற்குள்ளும் நடுவில் ஒரு தூண், குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய். அந்தக் குழாயில் துணி, பிளாஸ்டிக் கவர், ஒரு முழு மெத்தை. அடியில் முழங்கால் அளவு சேறு. மேலே எவ்வளவு அகலம் இருந்தால் என்ன, போகிற தண்ணீர் இந்தக் கலுங்கு விடுகிற அளவுதான். சுவரை உயர்த்தும் வேலை இந்தக் கலுங்குக்கு மேலே தொடங்கி மேலேயே முடிகிறது. கலுங்கைத் தொடவில்லை. ரோடு வேறு துறைக்குச் சொந்தம், அதனால் இந்த மதிப்பீட்டில் வராது என்றார்கள். தண்ணீருக்குத் துறை தெரியாதே என்று சேச்சி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன், கஷ்டமான கணக்கு இல்லை. ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். எங்கள் கிளைத்தோட்டுக்கு வந்து சேரும் பரப்பு சுமார் 30 ஹெக்டேர் என்று மேப்பில் கோடு போட்டு அளந்தேன். எல்லாம் கான்கிரீட்டும் இன்டர்லாக் கல்லும் ஆகிவிட்டதால் பெய்வதில் நூற்றுக்கு எண்பது ஓடி வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 6 சென்டிமீட்டர் கொட்டினால் விநாடிக்கு 4,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை மூன்று விநாடிக்கு ஒருமுறை அந்தக் கலுங்குக்குள் கவிழ்க்கிற மாதிரி. ஒரு மணி நேரம் முழுக்க. வடிவமைப்புக்கு எவ்வளவு மழையை எடுத்துக்கொண்டீர்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வருகிற மழை அது என்று கூட்டத்தில் கேட்டேன். அந்தத் தாள் கொண்டு வரவில்லை என்றார் வந்திருந்த சார். இளைஞர், நல்லவர், அடுத்த முறை கொண்டு வருகிறேன் என்று குறித்துக்கொண்டார். அதை நான் நம்புகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பொழி. அப்பா மணக்குடிப் பக்கம் பிறந்தவர், பழையாறு கடலில் சேர்கிற இடம். ஊரில் மழை வலுத்தால் மற்றவர்கள் ஆற்றைப் பார்க்க ஓடுவார்கள், அப்பா பொழியைப் பார்க்கப் போவார். “மக்களே, வாய் அடைச்சிருந்தா வயிறு வீங்கத்தான் செய்யும்” என்பார். மழை குறைந்த மாதங்களில் அலை மணலைக் கொண்டு வந்து முகத்துவாரத்தை மூடிவிடும். உள்ளே தண்ணீர் கட்டும். பெருமழைக்கு முன்னால், கடல் இறங்கு நீராக இருக்கிற நேரம் பார்த்து மணலில் ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் போதும், தண்ணீரே தன் வேகத்தில் அதை அகலமாக்கிக்கொண்டு போய்விடும். வேளியிலும் இதே கதைதான். பொழி மூடிக் கிடந்து ஆக்குளம் காயல் மட்டம் ஏறி நின்றால், அதில் வந்து விழுகிற தோடுகளுக்கு வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, குறைந்துவிடும். வாட்டம் இல்லாத தோடு ஓடாது, தேங்கும். அப்போது எங்கள் சுவர்கள் தொட்டிச் சுவர்களாக நிற்கும், அவ்வளவுதான். காயலும் சேறு ஏறி, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது, முன்பு மாதிரி தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ள அதற்கு ஆழம் இல்லை. வெள்ளம் ஊருக்குள் வந்த பிறகு ஜேசிபி அனுப்பிப் பொழி முறிப்பதில் பாதி பலன்தான். காயல் மட்டம் எந்த அளவைத் தொட்டால் பொழியை முறிப்பது, யார் முடிவெடுப்பது என்பது ஜூன் வரும் முன்னாலும், துலாமழை, அதாவது ஐப்பசி மழை, தொடங்கும் முன்னாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

2015-ல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று தம்பானூர், கிழக்கேகோட்டை வெள்ளத்துக்காக ஒரு பெரிய வேலை நடந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை வைத்து ஆக்கிரமிப்புகளை எடுத்தார்கள், மூடிக் கிடந்த ஓடைகளைத் திறந்தார்கள். செய்ய முடியும் என்று அப்போது கண்ணால் பார்த்தோம். பிறகு 2024 ஜூலையில் அதே ஆமையிழஞ்சான் தோட்டில், ரயில் பாதைக்கு அடியில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து தகரப்பறம்பு பக்கம் உடல் கிடைத்தது. அந்த இரண்டு நாளும் இங்கே பல வீடுகளில் டிவி அணையவில்லை. அதனால்தான் வரைபடத்தில் சேறு அள்ளுகிற ஹிட்டாச்சி இயந்திரம் இறங்க ஒரு சரிவுப்பாதை எங்கே என்று கேட்டேன். இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சுவரை உயர்த்திவிட்டு இயந்திரம் இறங்க வழி விடவில்லை என்றால், நாளைக்குச் சேறு அள்ள ஒரு மனிதரைத்தான் கயிறு கட்டி இறக்குவார்கள். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொன்று, மேலே இருக்கிற பழைய ஏலா. நெல் வயலாக இருந்தது, பாதிக்கு மேல் மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் 2008-லேயே வந்தும் மீதி இருப்பது ஒரு ஏக்கர்தான், பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். அந்த ஒரு ஏக்கரை 60 சென்டிமீட்டர் தாழ்த்தி, தோடு நிறைந்தால் அதற்குள் வழிகிற மாதிரி ஒரு பக்கம் திறந்துவிட்டால் 24 லட்சம் லிட்டர் நிற்கும். நான் மேலே சொன்ன மழையில் பத்து நிமிடத் தண்ணீர். பத்து நிமிடம்தானா என்று கேட்டார் ஒருவர். எங்கள் வீட்டில் குமிழி விட்டதிலிருந்து கட்டில் நனைந்ததுவரை பத்து நிமிடம்தான். உச்சத்தை அந்த அளவுக்கு வெட்டினாலே பல வீடுகள் தப்பும். மழை நின்ற மறுநாள் வடிந்துவிடும், பையன்கள் மறுபடி விளையாடலாம்.

சரி, கருத்துச் சொல்ல வருகிற வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். சேச்சி மலையாளத்தில் மனு எழுதுகிறார், அளவுகளையும் படத்தையும் நான் தயார் செய்கிறேன். பொழியிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள், கலுங்கைச் சேருங்கள், சுவரைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளிக்குப் போய்ப் பொழி எப்படி இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுக்கிறேன். இந்தப் பக்கம் இருக்கிற யாரிடமாவது 2023 அக்டோபர் ராத்திரி எடுத்த போட்டோ, வீடியோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள், தண்ணீர் சுவரில் எதுவரை நின்றது, எத்தனை மணிக்கு என்பது தெரிகிற மாதிரி. எங்கள் வீட்டுத் தூணில் நான் பென்சிலால் போட்ட கோடு தரையிலிருந்து 47 சென்டிமீட்டர்.