பதினைந்து மார்க்குக்கு ஓர் ஊர்

மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்கு வரும் வழியில், விக்டோரியா மாநிலம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் கனிவா என்று ஓர் ஊர் வரும். பெயரில்தான் கனிவு. அதைத் தாண்டியதும் காய், கனி எதையும் கொண்டுவராதே என்று பலகை மேல் பலகையாக எச்சரிக்கை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழ ஈ நுழைந்துவிடக் கூடாதாம். மாட்டினால் அபராதம்.

போன மார்ச்சில், சாலையோரத் தொட்டி முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு கிலோ கத்தரிக்காயைக் கொட்டினோம். கடையில் கிடைக்கிற, கறுப்பாகக் குழந்தை தலை அளவுக்கு இருக்கும் கத்தரிக்காய் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது மெல்பர்னில் இருக்கும் என் பள்ளிக்கூடச் சேக்காளி வீட்டுக் கொல்லையில் காய்த்தது. ஊதாவும் வெள்ளையுமாக வரி ஓடிய பிஞ்சுகள், காம்பில் முள்ளோடு. என் மனைவி கடைசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, ஒண்ணே ஒண்ணு?" என்றாள். பின்சீட்டிலிருந்து எங்கள் மகள், இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாயிற்றே, "அம்மா, ரூல்ஸ்" என்றாள். அதுவும் தொட்டிக்குள் போனது.

எல்லையைத் தாண்டியதும் கைப்பேசிக் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால் போகும். மெல்பர்னுக்கும் எங்களுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். கத்தரிக்காய் போச்சு, அரை மணி நேரம் லாபம் என்று நான் சொன்ன ஜோக்குக்கு வண்டியில் யாரும் சிரிக்கவில்லை.

உண்மையில் குத்தியது கத்தரிக்காய் இல்லை. முந்தின நாள் சேக்காளியின் புதுமனை புகுவிழாவில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவன் கேட்டது. "அதான் பிஆர் வந்துட்டுல்லா? இன்னும் எதுக்குலே அங்கன கெடக்க?"

இந்தக் கேள்விக்கு மூன்று வருடமாக என்னிடம் ஒரு பதில் இருந்தது. பிஆர், அதாவது இங்கே நிரந்தரமாக இருக்கும் உரிமை, வந்த நாளோடு அதுவும் காலி.

எந்த ஊருக்குப் போவது என்று தூத்துக்குடியில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எக்செல் தாள் போட்டோம். சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டு என்று மூன்று பத்தி. வாடகை, வேலை, பள்ளிக்கூடம், குளிர் என்று கீழே கீழே வரிகள். மனைவிக்கு சிட்னி. அத்தை மகள் துங்காபியில் இருக்கிறாள், பக்கத்திலேயே வெண்ட்வொர்த்வில்லில் இட்லி மாவு வரைக்கும் கிடைக்குமாம், மேஸ் ஹில்லில் முருகன் கோயில். எனக்கு மெல்பர்ன், காரணம் மேலே சொன்ன சேக்காளி. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யய்யா, பக்கத்துல கோயில் இருக்கா?" அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்.

பிறகு விசாவுக்கான பாயிண்ட் கணக்கு வந்து எக்செல்லை மடித்து வைத்தது. வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். 25 முதல் 32 வயது வரைக்கும் 30 மார்க், 33 பிறந்தால் 25. கேக் வெட்டிய அன்றைக்கே ஐந்து மார்க் குறைந்த பிறந்தநாள் எனக்கு அது ஒன்றுதான். எல்லாம் கூட்டினால் 70. விண்ணப்பிக்க 65 போதும், ஆனால் அழைப்பு வர அது காணாது. பிளஸ் டூ கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 491 என்கிற விசாவில் ஒரு மாநிலம் கைகொடுத்தால் 15 மார்க் கூடுதல். பதிலுக்கு சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் மறந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் இவர்கள் கணக்கில் 'ரீஜனல்'. ஏறக்குறைய 14 லட்சம் பேர் இருக்கிற அடிலெய்டும் அதில் சேர்த்தி. மதுரையைக் கிராமம் என்று சொல்வது மாதிரி. மூன்று வருடம் இருந்து, வேலை பார்த்து, வரி கட்டினால் பிஆருக்கு எழுதிப் போடலாம்.

ஆக, நாங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊர்தான் 15 மார்க் கிரேஸ் போட்டு எங்களைத் தேற்றிவிட்டது. உறவுக்காரர்களிடம் மட்டும் "அடிலெய்டுதான் பிள்ளைகளுக்கு நல்லது, அமைதியான ஊர்" என்று சொல்லி வைத்தோம். முழு மனதோடு சந்தோஷப்பட்டவர் என் மாமனார் ஒருவர்தான். "பிராட்மன் இருந்த ஊர்லா அது!" 1934இல் அங்கே குடிபோன கிரிக்கெட் வீரர் டான் பிராட்மன் 2001இல் கண்மூடும் வரை அங்கேதான் இருந்தார் என்பதை, ஏதோ பெண்ணைப் பிராட்மன் தெருவிலேயே கட்டிக்கொடுத்த மாதிரி பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

2022 ஜூலையில், நடுங்குகிற குளிரில் வந்து இறங்கினோம். முதல் ஐந்து மாதம் நான் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அதெல்லாம் எல்லோருக்கும் உள்ள கதை, விடுங்கள்.

எனக்குப் பிடிபடாமல் போனது திசை.

தூத்துக்குடிக்காரனுக்குத் திசை பார்க்கத் தெரிய வேண்டியதில்லை. கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. எந்தத் தெருவில் நின்றாலும், காற்றில் உப்பு எங்கிருந்து வருகிறது என்று உடம்புக்குத் தெரியும். அடிலெய்டில் கடல் மேற்கே, மலை கிழக்கே. படித்தவன்தானே, வரைபடத்தில் பார்த்தவன்தானே என்று கேட்காதீர்கள். உடம்பு வரைபடம் பார்ப்பதில்லை. நாங்கள் வாடகைக்கு இருக்கும் உட்வில்லிலிருந்து கடல் வண்டியில் பத்து நிமிடம். சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தால், என் மண்டைக்குள் அது கீழ்க்காற்றுதான்.

முதல் பொங்கல் வந்தது. சுட்டெரிக்கும் ஜனவரி. வெளியே தீ மூட்டவே கூடாது என்று அறிவிக்கிற நாள்கள் உள்ள மாதம் அது. அன்றைக்குத் தடை இல்லை என்றாலும் மூன்று கல்லும் பனை ஓலையும் யார் கொண்டுவருவது? புல்தரையில் சின்ன கேஸ் அடுப்பை வைத்தோம். விடிவதற்கு முன்னால் எழுந்து கோலம் போட்டு, மஞ்சள் கொத்து கட்டி, வீட்டிலிருந்த எவர்சில்வர் பானையை ஏற்றி, கிழக்கே பார்த்து மூவரும் நின்றோம். நான்தான் திசை காட்டினேன். பால் பொங்குகிறது, சூரியனைக் காணோம். வேலி மேல் வெளிச்சம் மட்டும் விழுகிறது. "அப்பா," என்றாள் மகள், "சன் உங்க முதுகுக்குப் பின்னாடி வந்துட்டு."

திரும்பினால் மலைக்கு மேலே, தாம்பாளம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். பொங்கிய பால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே வழிந்தது. நான்தான் ரொம்ப சத்தமாகக் குலவையிட்டேன், வெட்கத்தை மறைக்க.

அம்மாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. அம்மாவுக்கு இந்த ஊரைப் பிடிக்கும், அதற்குக் காரணம் கோயில்கூட இல்லை. ஓக்லாண்ட்ஸ் பார்க்கில் பிள்ளையார் இருக்கிறார் என்பது இரண்டாவது. முதல் காரணம், நேரக் கணக்கு. இங்கே இந்தியாவைவிட நாலு மணி நேரம் முன்னால். கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தால் ஐந்து. சிட்னி, மெல்பர்ன் என்றால் நாலரை, ஐந்தரை என்று அந்த அரை இடிக்கும். "ஒங்க ஊருதான் எனக்குத் தோது, விரல விட்டு எண்ணிருவேன்" என்பாள். எக்செல்லில் நாங்கள் போடாத வரி.

மாமனாரும் போன வருடம் வந்தார். அடிலெய்டு ஓவல் மைதானத்தில் பிராட்மன் காட்சிக்கூடத்தில் மட்டையையும் தொப்பியையும் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவின் முக்குவரை நடந்துபோய்த் திரும்பி வந்து, "ஊரு நல்ல ஊருதான் மாப்ள, ஆனா ஆளக் காணுமே" என்றார். எனக்கு அந்த ஆளில்லாத தெரு பழகிவிட்டது. காலி பாட்டில் ஒன்றுக்கு 10 சென்ட் தருகிறார்கள் என்று மகள் பை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். எந்தக் கிழமை எந்த மூடி போட்ட குப்பைத்தொட்டி என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். செட்டில் ஆகிவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கிரேஞ்ச் கடற்கரைக்குப் போனால் நான் மட்டும் பாலத்தில் நின்றுகொண்டு பார்ப்பது சூரியன் கடலுக்குள் இறங்குவதை அல்ல. தாத்தாவோடு விடியக்காலம் ரோச் பூங்கா பக்கம் நின்றதும், தூரத்தில் தோணி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்ததும், பின்னாலேயே கடலிலிருந்து சிவப்பாக எழும்பியதும்தான் ஓடும். அங்கே எழும்பினது இங்கே வந்து முங்குகிறது. மகளுக்குக் கடல் என்றால் சூரியன் முங்குகிற இடம். கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனால்தான் அப்பனும் மகளும் ஒத்துப்போவோம்.

கத்தரிக்காயைக் கொட்டிவிட்டு வந்த அந்த ராத்திரி, மனைவி மடிக்கணினியில் பழைய எக்செல்லைத் திறந்தாள். இப்போது விசா எங்கும் கட்டிப்போடவில்லை, உண்மையிலேயே தேர்ந்தெடுக்கலாம். வாடகையைத் திருத்தினாள், மலைத்தாள். கோயில் வரிக்கு அடுத்ததாக, நான் எப்போதோ சேர்த்து வைத்த ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது. 'கடல் எந்தப் பக்கம்'. சிட்னிக்கு மட்டும் டிக், பத்துக்குப் பத்து மார்க்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பத்தை அழித்து இரண்டு என்று போட்டாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: 'கத்தரிக்காய் வளருமா'.

"அடுத்த தடவ அங்கயே எண்ணெய்க் கத்தரிக்காயா வதக்கி டப்பால எடுத்துட்டு வந்துருவோம்" என்றாள். "சமைச்சதுக்குத் தடை இல்லியாம், பாத்துட்டேன்."