குடும்பப் பெயர்க் கட்டமும் தென்னாபிரிக்கப் பயணமும்

ஜொஹன்னஸ்பேர்க்கில் பொறியியலாளராகப் பணிபுரியும் கணவரிடம் இரண்டு பிள்ளைகளுடன் போய்ச் சேர எனக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. அக்காலத்தின் பெரும்பகுதியைத் தின்றவை எங்கள் நால்வரின் பெயர்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரான களுவாஞ்சிகுடியில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தகப்பனாரின் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரை எழுதுவது நமது வழக்கம். அதனால் கடவுச்சீட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் கணவருக்கு என் மாமனாரின் பெயரும், எனக்கு என் தகப்பனாரின் பெயரும், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயரும் வந்துவிட்டன. ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பதைக் காணும் விசா அதிகாரி இவர்கள் உறவினர்தாமா என்று கேட்பது இயல்பே. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவை பிறப்புச் சான்றிதழ்களும் திருமணச் சான்றிதழும்; அவை தமிழில் இருப்பதால், உண்மையில் விடை சொல்வது அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

அங்கேதான் நான் அகப்பட்டேன். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் எல்லோருடைய கடவுச்சீட்டுப் பிரதிகளையும் சேர்த்தே கொடுத்திருந்தேன். அவர் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கணவரின் கடவுச்சீட்டில் 'ரி', 'எச்' (TH) என இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதப்பட்ட ஒலி மகனின் சான்றிதழில் 'டி' (D) என ஒற்றை எழுத்தாகவும், மகளின் சான்றிதழில் வேறொரு விதமாகவும் வந்தது. கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் பிள்ளைகளுடன் கொழும்புக்குப் போய், காலை முழுவதும் வரிசையில் இருந்தபின், விண்ணப்பம் வாங்கும் இடத்தில் இருந்தவர் அந்த எழுத்துகளைச் சுட்டிக்காட்டிக் கோப்பை மூடித் திருப்பித் தந்தார். எதைத் திருத்த வேண்டும், சத்தியக்கடதாசி போதுமா என்று கேட்டதற்கு, "எங்களால் ஆலோசனை சொல்ல முடியாது" என்பதே பதிலாக இருந்தது. அன்று மாலையே மட்டக்களப்புக்கு ரயில் ஏறினோம்.

மொழிபெயர்ப்பைத் திருத்தி வாங்கி, பெயர் வேறுபாட்டை விளக்கும் சத்தியக்கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்து, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திய நேரத்தில் அடுத்த இடி விழுந்தது. மருத்துவ அறிக்கையும், அப்போது கேட்கப்பட்ட நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையும், பொலிஸ் நற்சான்றிதழும் ஆறு மாதத்துக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டியிருந்தது; என்னுடையவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. எல்லாவற்றுக்கும் மீண்டும் பணம், மீண்டும் பயணம். ஆகவே புறப்பட இருப்பவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: மொழிபெயர்ப்பாளரின் மேசையை விட்டு எழும்புமுன் ஒவ்வொரு எழுத்தையும் கடவுச்சீட்டுடன் விரல் வைத்து ஒப்பிடுங்கள், பெயர்கள் ஒத்துப்போன பின்னரே மருத்துவப் பரிசோதனைக்கும் பொலிஸ் நற்சான்றிதழுக்கும் போங்கள். அப்போதைய விதியின்படி பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் என் மகளுக்கும் எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள். அச்சிட்டு வைத்திருந்த விதியைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு தாள் அன்று எனக்குத் தந்த தைரியத்தை மறக்க மாட்டேன்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போவதற்குக் கல்வி விசா வேண்டும்; அதற்கு முன்கூட்டியே அங்குள்ள பாடசாலையின் அனுமதிக் கடிதம் வேண்டும். கணவர் அதைப் பெற்று அனுப்பினார். வேலை விசாவில் இருப்பவரின் துணையாகச் செல்பவருக்குக் கிடைக்கும் விசாவில் வேலை செய்யும் உரிமை இல்லை என்பதையும் யாராவது உரத்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

விமானச் சீட்டிலும் கவனம் தேவை. முகவர் முதலில் காட்டிய மலிவான சீட்டில் நைரோபியில் நீண்ட காத்திருப்பு இருந்தது. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கி வருபவரிடம் தென்னாபிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டு 10 நாட்களின் பின்னரே அது செல்லுபடியாகும். இதை முகவர் சொல்லவேயில்லை. கூடுதலாகக் கட்டி தோஹா வழியாகச் சென்றோம். பயணத்தில் குறை எதுவும் இல்லை.

ஜொஹன்னஸ்பேர்க் விமான நிலையத்தில் அதிகாரி பிறப்புச் சான்றிதழ்களைக் கேட்டார், சத்தியக்கடதாசியை இருமுறை வாசித்தார், முத்திரை குத்தினார். என் கண்கள் நிறைந்துவிட்டன. பாடசாலை அலுவலகத்திலும் அதே கேள்வி எழுந்தது. கேட்டவர் பிள்ளை என்ற குடும்பப் பெயருடைய பெண்மணி. 1860 முதல் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர். அவர் வீட்டில் தலைமுறைகளாக ஒரே குடும்பப் பெயர் நிலைத்துவிட்டதால், மகனின் குடும்பப் பெயர் தகப்பனுடையதுடன் ஒத்திராதது அவருக்கும் புதிராகவே இருந்தது. சத்தியக்கடதாசியைப் பார்த்தபின் பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார்.

உறுதிப்படுத்திய பிரதிகளை வேண்டியதை விடக் கூடுதலாகவே எடுத்து, கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் ஒருபோதும் வைக்க வேண்டாம்.