கம்பிக்குள் ஒரு பதினொன்று

வாங்கி வைத்து ஒரு மாதமாகக் கிடந்த நிட்டினால் என்ற உலோகக் கம்பியை இந்த வாரம்தான் கையில் எடுத்தேன். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அரை மில்லிமீட்டர் தடிமன். 45 டிகிரி தாண்டினால், சுட்டுப் பதித்த பழைய வடிவத்துக்குத் திரும்பும் ரகம். பெயரின் வால்பகுதி, இதைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் சுருக்கம்.

கம்பியில் நான்கு இடம் குறித்துக்கொண்டேன். வளைவு இருந்தால் 1, நேராக இருந்தால் 0. 1011 என்று பதித்தால், இரும எண் கணக்கில் (8+0+2+1) பதினொன்று. அப்புறம் நீட்டிவிட்டால் வெறும் கம்பி. வெந்நீரில் போட்டால்தான் படிக்க முடியும்.

பதிக்க 500 டிகிரி சூடு வேண்டும். மண்டபம் ஊரில் சீமைக்கருவேலங்கரிக்கா பஞ்சம்? படகுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறை அண்ணனிடம் உலையைக் கேட்டு வாங்கினேன். இரும்புப் பட்டையில் மூன்று மில்லிமீட்டர் ஆணிகளை அடித்து, கம்பியை அவற்றைச் சுற்றி இழுத்துக் கட்டி, நட்டப் பகலில் உலையில் வைத்தேன். வெயிலில் நிறமே தெரியவில்லை. ஊதித் தள்ளியதில் கம்பி ஆரஞ்சாகிவிட்டது. வெந்நீரில் போட்டால் தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுப்பது போல லேசாக அசைந்ததோடு சரி.

அடுத்த துண்டைப் பொழுது சாய்ந்தபின் வைத்தேன். இருட்டில் பட்டை சிவந்திருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற நிலைதான் கணக்கு. பத்து நிமிடம், உடனே வாளித் தண்ணீர். அப்போதும் வளைவு பாதிதான் எழுந்தது. இந்த உலோகம் எட்டு சதவீதம் வரையான நீட்சியைத்தான் மீட்கும்; என் ஆணிச் சுற்று பதினாலைத் தொட்டிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மாற்றினால் ஆறுக்குள் அடங்கும். போல்ட்டைச் சுற்றிக் கட்டி அதே துண்டை மறுபடி சுட்டதும் பழைய வடிவம் அழிந்து புதியது ஏறிக்கொண்டது.

நேராக்கிய கம்பியை வெந்நீர் டம்ளரில் இறக்கினேன். நீருக்குள் போன முனை முதலில் மேடாகியது, பிறகு ஒரு வெறும் இடம், பிறகு அடுத்தடுத்து இரண்டு மேடு. பார்த்துக்கொண்டிருந்த மாமா, "என்னா மாப்ள, செத்த புழு எந்திரிக்குது" என்றார்.

மறுநாள் மாமாவுக்குத் திரும்பக் காட்டலாம் என்று நேராக்கித் தகரக் கூரைமேல் வைத்தேன். சாப்பிட்டு வருவதற்குள் வெந்நீர் இல்லாமலே பதினொன்று எழுந்து நிற்கிறது! வைகாசி வெயிலில் தகரம் 45-ஐத் தாண்டாமல் என்ன செய்யும்? இந்தத் திரும்பும் சூடு நிக்கல் அளவைப் பொறுத்தது. அணுக் கணக்கில் 0.1 சதவீதம் கூடினாலே சுமார் 10 டிகிரி இறங்கிவிடும். எனக்கு வேண்டியது நிக்கல் கொஞ்சம் குறைந்த கம்பி. 70 டிகிரி ரகம் தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை இது மண்பானைக்குப் பக்கத்தில்.